லென்ஸ் வாடகைக்கு எடுக்குறவங்க கவனம், என் 1,200 வெள்ளி டெபாசிட்ட முழுங்கிட்டாங்க

கை இன்னும் நடுங்குது, அந்த ஆத்திரத்தோடதான் டைப் பண்றேன். கார் ரேஸ் போட்டோ எடுக்குற நம்ம ஆளுங்க யாரும் இப்படி மாட்டிக்கக் கூடாது.

சிங்கப்பூர் மரீனா பே நைட் ரேஸுக்கு ஜோன் 4 வாக்கபவுட் டிக்கெட் (சீட் இல்லாம நடந்து திரிஞ்சு பாக்குறது) வாங்கிருந்தேன். ராத்திரி ரேஸ், ஃப்ளட்லைட் எவ்வளவு பிரகாசமா இருந்தாலும் ஓடுற கார உறைய வெக்கிற ஷட்டர் ஸ்பீட் வேணும்னா வெளிச்சத்த நிறைய உள்ள விடுற 2.8 லென்ஸ் இருந்தாதான் நிம்மதி, அதனால ஒரு கேமரா வாடகைக் கடையில அந்த மாதிரி ஒரு 70-200 ஜூம் லென்ஸ் எடுத்தேன். மூணு நாளுக்கு 150 வெள்ளி, டெபாசிட் 1,200 வெள்ளி, பேநவ்ல (போன்லயே பேங்க் பணம் அனுப்புறது) அங்கேயே அனுப்பிட்டேன்.

கவுண்டர்ல இருந்தவரு தமிழ்ல பேசுனாரு. "தம்பி நம்ம ஊரா, ரேஸ் எடுக்கப் போறீங்களா, நல்ல பீஸா தர்றேன்"னாரு. நான் கேமராவுல மாட்டிப் பாக்கணும்னு சொன்னேன், அவரே ஒரு தடவ மாட்டி கடைக்குள்ள ரெண்டு ஷாட் அடிச்சுக் காட்டிட்டு, பின்னாடி மூடியப் போட்டு பைய ஜிப் இழுத்து என் கையில கொடுத்து, "நேத்துதான் கிளீன் பண்ணுனது, என்ன நம்பி எடுத்துட்டுப் போங்க"ன்னாரு. ரசீதுல 'குட் கண்டிஷன்'னு அவர் கையாலயே எழுதுனாரு. அந்த எழுத்து இப்ப என் முன்னாடி இருக்கு.

வெள்ளிக்கிழமை பிராக்டிஸ்லயே தெரிஞ்சுபோச்சு. ஆண்டர்சன் பிரிட்ஜ் தாண்டி வர்ற அந்த 13ஆவது வளைவு ஹேர்பின்ல கார் நல்லா ஸ்லோவாகும், பேனிங் பண்ணப் பழகுறவங்களுக்கு அதவிட நல்ல இடம் கெடையாது, 1/125 செகண்ட் ஷட்டர்ல கேமராவ காரோட சேர்ந்து திருப்புனா சக்கரம் மட்டும் சுத்துற மாதிரி வரும். இந்த லென்ஸ்ல ஃபோகஸ் முன்னயும் பின்னயும் அலைஞ்சுகிட்டே இருக்கு, கார் போனப்புறம்தான் நிக்குது. கை ஆட்டத்த சமாளிக்கிற ஸ்டெபிலைசர் குதிக்குது. விளக்குக்கு எதிரா எடுத்த படமெல்லாம் பாலாட்டம் வெளுத்துப்போச்சு. உடனே கடைக்கு போன் பண்ணுனா, "வாரக்கடைசி வரைக்கும் வேற பீஸ் இல்ல, செட்டிங்க மாத்திப் பாருங்க". ஞாயித்துக்கிழமை ரேஸ்ல உருப்படியா ஒரு படம் தேறல, வருஷத்துல ஒரு தடவதான்யா இந்த ரேஸ் வருது.

திங்கக்கிழமை திருப்பிக் கொடுத்தேன். வேற ஒருத்தர் வந்து டார்ச் அடிச்சுப் பாத்துட்டு "உள்ள ஃபங்கஸ் (பூஞ்சை) இருக்கு, நீங்கதான் வெச்சிருந்தீங்க, டெபாசிட் வராது"ங்குறாரு! மூணு நாளுல கண்ணாடிக்குள்ள ஃபங்கஸ் வலை பின்னுமா? நம்ம ஊரு ஈரப்பதத்துல டிரை கேபினட்ல (ஈரம் ஏறாத பெட்டி) வெக்காம வாரக்கணக்குல போட்டு வெச்சாதான் அது வளரும், படம் வெளுத்ததுக்குக் காரணமும் அதுதான். அப்ப அந்த ஃபங்கஸ் யாரோடது? எனக்குக் கெட்டுப்போன லென்ஸக் கொடுத்துட்டு, அதக் கெடுத்ததும் நான்தான்னு 1,200 வெள்ளிய வெச்சிக்கிட்டாங்க.

நம்பி எடுத்துட்டுப் போங்கன்னு சொன்ன அண்ணன் "அதெல்லாம் பாஸ்தான் முடிவு பண்ணணும்"னு தலையக் குனிஞ்சுகிட்டாரு. பாஸ் எப்ப வருவாருன்னு கேட்டா தெரியாதாம். வாட்ஸ்அப்ல ரசீது, வெள்ளிக்கிழமை எடுத்த படம் எல்லாம் அனுப்புனேன், ரெண்டு நீல டிக், பதில் இல்ல. அடுத்த நாள் "டெக்னீஷியன் ரிப்போர்ட் வரட்டும்". அப்புறம் "பாலிசி சார்". இப்ப போன் எடுக்குறதே இல்ல. 1,200 வெள்ளி எனக்குச் சின்னக் காசு இல்ல, வீட்டம்மாகிட்ட இன்னும் சொல்லல.

ஸ்மால் கிளைம்ஸ் டிரிபியூனல்ல (சின்னத் தொகை வழக்கு பாக்குற இடம்) போடப் போறேன், 20,000 வெள்ளி வரைக்கும் அங்க கேக்கலாம், வக்கீல் வெக்க முடியாது, நாமளேதான் பேசணும், ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். கேஸ் (CASE) நுகர்வோர் சங்கத்துலயும் புகார் கொடுக்குறேன்.

எடுக்குறவங்க என்ன செய்யணும்னு விலாவாரியா எழுதணும்னுதான் உக்காந்தேன், இப்ப மனசு ஓடல. கடைய விட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடி ரெண்டு மூடியும் கழட்டி போன் டார்ச்ச ஒரு பக்கமா அடிச்சு உள்ள பாத்து வீடியோ எடுங்க, கடைக்காரர் முகமோ குரலோ அதுல இருக்கணும். ரோட்டுல ஓடுற பஸ்ஸ ஃபாலோ பண்ணி பத்து ஷாட் அடிச்சுப் பாருங்க. மொத்த டெபாசிட்டையும் பேநவ்ல அனுப்பாதீங்க, கிரெடிட் கார்டுல ஹோல்ட் பண்ணச் சொல்லுங்க (பணத்த எடுக்காம நிறுத்தி மட்டும் வெக்கிறது), முடியாதுன்னா வேற கடைக்குப் போயிடுங்க.