கடைக்குள் ஓடிக் காட்டும் நேவிகேஷனை நம்பி வாங்காதீர்கள்

கான்கிரீட் கூரைக்கு அடியில், கடை மேஜைமேல் வைத்த கருவியில் அம்புக்குறி சர்ரென்று சாலையில் ஓடுகிறதா? "இருநூறு மீட்டரில் இடப்பக்கம் திரும்பவும்" என்று குரலும் வருகிறதா? அது ஜி.பி.எஸ். இல்லை, டெமோ மோடு. ஒரு வழியை எடுத்துக்கொண்டு மென்பொருளே வண்டி ஓட்டிக் காட்டுகிறது. உள்ளே சாட்டிலைட் சிக்னலைப் பிடிக்கும் ரிசீவர் செத்துக் கிடந்தாலும் இந்தப் படம் ஓடும். கார் நேவிகேஷன் வாங்குகிறவர்கள் ஏமாறும் முதல் இடம் இதுதான்.

கருவியை வெளியே வானம் தெரியும் இடத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். செட்டிங்ஸில் சாட்டிலைட் நிலை காட்டும் பக்கம் இருக்கும். டேஷ்போர்டுக்குள் பொருத்தும் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ என்றால் சாட்டிலைட்களைக் காட்டும் இலவச ஆப் ஒன்று போதும். ஒரு சாட்டிலைட் தன் இருப்பிடத் தகவலை முழுதாகச் சொல்லி முடிக்க 30 வினாடி ஆகும். எனவே நல்ல ரிசீவர் ஓரிரு நிமிடத்துக்குள் இடத்தைப் பிடித்துவிடும். பல மாதம் பெட்டிக்குள் கிடந்த கருவிக்குக் கொஞ்சம் கூடுதலாக விட்டுக்கொடுக்கலாம், ஏனென்றால் எல்லாச் சாட்டிலைட்களின் பொது அட்டவணை முழுதாக வந்துசேர 12.5 நிமிடம் ஆகும். அதையும் தாண்டித் தேடிக்கொண்டே இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள், சிக்னல் வலுவையும் பாருங்கள். திறந்த வெளியில் பல சாட்டிலைட்கள் 40 டெசிபெல்-ஹெர்ட்ஸ் பக்கம் நிற்க வேண்டும். எல்லாமே 30-க்குக் கீழே தவித்தால் ஆன்டெனாவிலோ ரிசீவரிலோ கோளாறு.

அதே பக்கத்தில் தேதியையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். ஏறக்குறைய 19 வருடம் 7 மாதம் பின்னால் காட்டினால் அது பழைய சரக்கு. ஜி.பி.எஸ். வாரங்களை 1024 வரை எண்ணிவிட்டு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். கடைசியாக அப்படி நடந்தது 2019 ஏப்ரல் 6 நள்ளிரவில். அதற்கான மென்பொருள் திருத்தம் வராத கருவிகள் தேதியில் தடுமாறும். சிலவற்றில் சாட்டிலைட்டைப் பிடிப்பதே சிக்கலாகிவிடும்.

அடுத்தது ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ. மோசடி அதிகம் நடப்பது இங்கேதான், அதனால் நிதானமாகப் பாருங்கள். பெட்டியில் ஆண்ட்ராய்டு 13, 6 ஜி.பி. ரேம், 8 கோர் என்று அச்சிட்டிருப்பார்கள். 'அபவுட்' பக்கத்தைத் திறந்தாலும் அதே எண்கள்தான் இருக்கும். அந்தப் பக்கம் வெறும் எழுத்து, மென்பொருளை ஏற்றியவர் எதை வேண்டுமானாலும் எழுதிவைக்கலாம். வன்பொருளைப் படித்துச் சொல்லும் ஆப் ஒன்றைப் போட்டு ஏ.பி.ஐ. லெவல் என்ற எண்ணைப் பாருங்கள், ஒவ்வொரு ஆண்ட்ராய்டு பதிப்புக்கும் ஓர் எண் உண்டு. ஆண்ட்ராய்டு 10-க்கு 29, 11-க்கு 30, 12-க்கு 31, 13-க்கு 33, 14-க்கு 34. பெட்டியில் 13 என்று போட்டு இங்கே 27 வந்தால், உள்ளே இருப்பது 8.1. சிப் பெயர் ஏ.சி.8227எல் என்று வந்தால் அது கார்டெக்ஸ் ஏ7 வகை நான்கு கோர் சிப். பெட்டிமேல் "8 கோர்" என்று இருந்தால் மற்ற எண்களையும் சந்தேகக் கண்ணோடு பாருங்கள்.

ஆப்பையே ஏமாற்றும்படி செய்த யூனிட்களும் உண்டு. ஆகவே ரேமை வேலை வாங்கிச் சோதியுங்கள். மேப்பில் ஒரு வழியைப் போட்டு ஓடவிடுங்கள், பாட்டு ஆப்பைத் திறங்கள், ரிவர்ஸ் கேமரா, பிரவுசர் என்று ஒரு சுற்றுப் போய்விட்டுத் திரும்புங்கள். மேப் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். தொடக்கத் திரையிலிருந்து மறுபடி லோடு ஆனால் ரேம் சொன்ன அளவு இல்லை என்று சந்தேகப்படலாம். ஸ்டோரேஜுக்குச் சோதனை இன்னும் எளிது. சொன்ன கொள்ளளவு நிரம்பும்வரை பெரிய வீடியோ கோப்புகளைக் காப்பி செய்து, முதலில் போட்டதிலிருந்து வரிசையாகத் திறந்து பாருங்கள். போலி மெமரி எழுதும்போது முரண்டு பிடிக்காது. படிக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். கூடவே தரும் மெமரி கார்டுக்கும் இதே சோதனைதான்.

முன்கண்ணாடியில் ஒட்டும் தனி நேவிகேஷன் கருவி என்றால் ஏமாற்று மேப்பில் இருக்கும். மலிவான பெயரில்லாக் கருவிகள் பல விண்டோஸ் சி.இ. 6.0 என்ற பழைய இயங்குதளத்தில் ஓடுகின்றன, அதற்கான ஆதரவு 2018-லேயே முடிந்துவிட்டது. மெமரி கார்டில் ஒரு ஃபோல்டராக மேப்பைத் திருட்டுக் காப்பி போட்டுத் தருவார்கள். லைசென்ஸ் இல்லாததால் அப்டேட் என்ற பேச்சே கிடையாது. புதுப் பாலம் வந்தாலும், ஒரு தெரு ஒருவழிப் பாதையானாலும் அதற்குத் தெரியப்போவதில்லை. பெயருள்ள கம்பெனிக் கருவியாக இருந்தால், காசு கொடுக்கும் முன்பே சீரியல் நம்பரைத் தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் பெயரில் பதிந்து பாருங்கள். "ஏற்கெனவே பதிவாகியுள்ளது" என்று வந்தால், யாரோ திருப்பிக் கொடுத்த சரக்கைப் புதுசு என்று விற்கிறார்கள்.

"லைஃப்டைம் மேப்" என்ற சொல்லில் லைஃப் உங்களுடையது அல்ல, கருவியுடையது. அது எப்போது முடிகிறது என்பதைத் தீர்மானிப்பவரும் தயாரிப்பாளரே. ஐந்து வருடத்துக்கு முந்தைய மாடலைத் தள்ளுபடியில் வாங்கினால் அதன் ஆயுளில் ஐந்து வருடம் ஏற்கெனவே போய்விட்டது. மேப் வருடாவருடம் பெருத்துக்கொண்டே போகும், உள்மெமரி அப்படியே இருக்கும்; மெமரி கார்டு போட வழியில்லாத மாடலைத் தொடாதீர்கள்.

கருவி நன்றாக இருந்தும் பொருத்துபவர் கெடுத்துவிடுவது தனிக்கதை. ஆன்டெனாவை ஸ்டீரியோவுக்குப் பின்னால், உலோகச் சட்டத்துக்கு நடுவே சுருட்டித் திணித்துவிட்டு "சிக்னல் இல்லாத ஏரியா சார்" என்பார்கள். அது டேஷ்போர்டின் மேல்தோலுக்கு அடியில், கண்ணாடிக்குப் பக்கத்தில், காந்தம் உள்ள பக்கம் கீழே இருக்கும்படி படுத்திருக்க வேண்டும். வெப்பத்தைத் தடுக்க உலோகப் பூச்சு பூசிய கண்ணாடி என்றால் சிக்னல் குறையும். அப்படிப்பட்ட கண்ணாடிகளில் பெரும்பாலும் ரியர்வியூ கண்ணாடி ஒட்டிய இடத்தைச் சுற்றிப் பூச்சில்லாத பகுதி விட்டிருப்பார்கள், ஆன்டெனாவை அங்கே கொண்டுபோகச் சொல்லுங்கள். சாலையைப் படம்பிடிக்கும் டேஷ்கேமுக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம், மலிவான டேஷ்கேம்களின் மின்இரைச்சல் ஜி.பி.எஸ்.ஸை அமுக்கிவிடும்.

ஒயரிங்கில் மஞ்சள் நேரடி பேட்டரி, சிவப்பு சாவி போட்டால் வரும் கரன்ட், கறுப்பு எர்த். மஞ்சளையும் சிவப்பையும் மாற்றிக் கொடுத்தால் ஒவ்வொரு முறை வண்டியை அணைக்கும்போதும் செட்டிங்ஸ் அழியும். அவசரத்தில் இரண்டையும் நேரடி பேட்டரியில் கோத்துவிட்டால் யூனிட் தூங்கவே தூங்காது, சில நாளில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் கழித்து பேட்டரி நெகட்டிவ் ஒயரில் மல்டிமீட்டரைத் தொடராக வைத்து அளக்கச் சொல்லுங்கள். பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். வண்டியின் ஒரிஜினல் ஒயரை வெட்ட விடாதீர்கள், உங்கள் மாடலுக்கான கனெக்டரைக் கேட்டு வாங்குங்கள். முன் தூணுக்குள் ஒயர் இழுத்தால் அங்கே ஏர்பேக் இருக்கிறதா என்று பார்க்காமல் இழுக்க விடக் கூடாது.

"பொருத்திய பிறகு திரும்ப எடுக்க மாட்டோம்" என்பது பல கடைகளின் விதி. அதனால் மேலே சொன்ன சாட்டிலைட், ஆண்ட்ராய்டு, ரேம், ஸ்டோரேஜ் சோதனைகளை, 12 வோல்ட் கரன்ட்டும் ஆன்டெனாவும் மட்டும் கொடுத்து, டேஷ்போர்டைக் கழற்றும் முன்பே முடியுங்கள். பில்லில் மாடல் பெயர் மட்டும் போதாது, சிப், உண்மையான ஆண்ட்ராய்டு பதிப்பு, ரேம் மூன்றையும் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் அங்கே வாங்க வேண்டாம்.

வாங்கிய பிறகும் ஒரு வலை காத்திருக்கிறது. மேப் அப்டேட் என்று இணையத்தில் தேடினால் தயாரிப்பாளரின் உதவி எண் மாதிரியே போலி எண்கள் வரும். கூப்பிட்டால் உங்கள் கணினியில் வைரஸ் என்று பயமுறுத்தி, தொலைவிலிருந்து இயக்கும் ஆப்பைப் போடச் சொல்லி, கார்டு விவரம் கேட்பார்கள். மேப் அப்டேட்டுக்கு யாரும் உங்கள் கணினிக்குள் நுழையத் தேவையில்லை. கேபிளோ வைஃபையோ போதும். ஏற்கெனவே உள்ளே விட்டுவிட்டீர்கள் என்றால் முதலில் இணைய இணைப்பைத் துண்டியுங்கள், வங்கியை அழைத்துக் கார்டை முடக்குங்கள், கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள், அதன் பிறகு அந்த ஆப்பை நீக்குங்கள்.