துணுக்கா, சமயோசிதமா?

நாலு பேர் கூடும் இடத்தில் சிரிக்க வைக்க ஆசைப்படுபவர் முதலில் கைவைப்பது துணுக்குகளில்தான். மனப்பாடம் செய்வதில் பயன் இல்லாமல் இல்லை. எங்கே நிறுத்துவது, எந்தச் சொல்லைக் கடைசிக்கு வைத்திருப்பது என்று வாய் பழகிக்கொள்ளும். மேடைக்கு அது போதும். அங்கே சிரிப்பதற்கென்றே வந்து உட்கார்ந்திருப்பார்கள். வீட்டிலும் அலுவலகத்திலும் அப்படி யாரும் காத்திருப்பதில்லை. போதாக்குறைக்கு, அந்த டாக்டர் துணுக்கு காலையிலேயே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்துபோயிருக்கும்.

இன்னொரு வழி, எதிரில் நடப்பதிலிருந்தே எடுப்பது. ஒரு கல்யாணப் பந்தியில் பாயச வாளி எங்கள் வரிசையை மட்டும் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்து இலைப் பெரியவர் பரிமாறும் பையனை அழைத்து, "தம்பி, நானும் இந்தக் கல்யாணத்துக்குத்தான் வந்தேன். பத்திரிகையைக் காட்டட்டுமா?" என்றார். வரிசையே சிரித்தது, பாயசமும் வந்தது. மறுநாள் வேறிடத்தில் இதைச் சொன்னால் பாதிச் சிரிப்புக்கூட வராது. ஆனால் அன்றைக்கு எந்தத் துணுக்கும் இதன் பக்கத்தில் நின்றிருக்காது.

காளமேகப் புலவர் பேரில் வழங்கும் மோர்ப் பாட்டும் இந்த வகைதான். வானில் இருந்தபோது கார், தரைக்கு வந்ததும் நீர், ஆய்ச்சியர் கைக்கு வந்ததும் மோர், இப்படி மூன்று பெயரும் பெற்றாயே என்று, தனக்குக் கிடைத்த நீர்த்த மோரையே பாராட்டுகிறார். அவருடைய சிலேடைகளையும் பழகலாமா என்றால், வேண்டாம் என்பேன். உரை சொல்லி விளக்கவேண்டிய சிரிப்பு டீக்கடையில் எடுபடாது.

சிகாகோவில் 1959-இல் தொடங்கிய செகண்ட் சிட்டி போன்ற அரங்குகளில், எழுதி வைக்காமல் அந்தக் கணத்திலேயே நடிப்பதற்குப் பயிற்சி தருகிறார்கள். கூட நடிப்பவர் சொன்னதை மறுக்காதே, ஏற்றுக்கொண்டு அதன்மேல் ஒன்றைச் சேர் என்பது அங்கே பாலபாடம். அதற்கு முதலில் காது கொடுத்துக் கேட்க வேண்டும். துணுக்குக்காரர் எங்கே கேட்கிறார்? தன் முறை எப்போது வரும் என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஓர் இடத்தில் மட்டும் துணுக்கு ஜெயிக்கிறது. நகை பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கைச் சொல்கிறது தொல்காப்பியம். சமயோசிதமாகப் பேசப் போனால் வாயில் முதலில் வருவது எள்ளல்தான்: மச்சானின் வழுக்கை, பக்கத்து மேசைக்காரரின் தொப்பை. துணுக்கில் அடிபடும் நோயாளிக்கு வலிக்காது, மச்சானுக்கு வலிக்கும். புதிதாகத் தொடங்குபவர் பேதைமையை எடுத்துத் தன் தலையிலேயே வைத்துக்கொண்டு பழகலாம். எதிரில் மேலதிகாரி இருந்தால் மட்டும் டாக்டர் துணுக்கையே சொல்லிவிடுங்கள்.