வெயிலில் டின்னா, கையில் போத்தலா?

தரம் 3 பிள்ளைகளுக்கு வெப்பத்தையும் ஒளியையும் படிப்பிக்க இந்த வருடம் இரண்டு வழிகளைச் செய்து பார்த்தேன். ஒன்று, கறுப்பும் வெள்ளையும் பூசிய பால்மா டின்களில் தண்ணீர் ஊற்றி வெயிலில் வைப்பது. மற்றது, சுடுதண்ணீர்ப் போத்தலும் டோர்ச்சும். ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் நான் இப்போது போத்தல் கட்சி.

டின்னுக்குச் செலவில்லை. கறுப்பு வெயிலை உறிஞ்சும், வெள்ளை திருப்பிவிடும், மத்தியானத்தில் விரலை விட்டாலே வித்தியாசம் தெரியும். ஆனால் மே முதல் செப்டெம்பர் வரை எங்கள் பக்கம் மழையும் மூட்டமும்தான். இரண்டு தடவைதான் சரிவந்தது. யாழ்ப்பாணத்தில் இதுவே நல்ல வழியாக இருக்கலாம். நான் அங்கே படிப்பித்ததில்லை.

மழையைக்கூடப் பொறுத்திருப்பேன். "டீச்சர், வெளிச்சம்தானே சூடு?" என்று ஒரு பிள்ளை கேட்டதுதான் என்னை மாற்றியது. வெயிலில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. அவள் அப்படி நினைத்ததில் தவறே இல்லை. டின்னை வைத்துக்கொண்டு என்னால் அவற்றைப் பிரித்துக் காட்ட முடியவில்லை.

போத்தல் பிரித்துக் காட்டியது. ஜன்னல்களைச் சாத்திவிட்டு, கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் நிரப்பிய சில்வர் போத்தலைக் கைமாற்றினோம். கைக்குச் சூடு, கண்ணுக்கு ஒன்றுமில்லை. பிறகு எல்ஈடி டோர்ச். சுவரெல்லாம் வெளிச்சம், நீட்டிய கையில் சூடே தெரியவில்லை. கடைசியாகப் பழைய இழை மின்குமிழை எரியவிட்டு, தொடாமல் கையை அருகே கொண்டுபோகச் சொன்னேன். வெளிச்சமும் இருந்தது, சூடும் இருந்தது. அந்த மின்குமிழுக்குப் போகும் மின்சக்தியில் பெரும்பங்கு வெப்பமாகத்தான் மாறுகிறது. அப்போது பின்வாங்கிலிருந்து ஒருவன், "டீச்சர், சாம்பல் மூடின தணலும் போத்தல் மாதிரித்தானே? வெளிச்சம் இல்லை, ஆனா சுடும். விடியக்காலையில அம்மா அதை ஊதித்தான் அடுப்புப் பத்தவைப்பாங்க" என்றான். நான் யோசித்தே இராத உதாரணம் அது.

போத்தலில் இன்னொரு பாடமும் உண்டு. ஸ்வெட்டர்தான் சூடு தருகிறது என்று குளிரில் வளரும் எங்கள் பிள்ளைகள் நம்புகிறார்கள். ஒரேயளவு சூடான இரண்டு போத்தல்களில் ஒன்றை மட்டும் ஸ்வெட்டரில் சுற்றி வைத்தோம். இடைவேளை முடிந்து வந்து தொட்டபோது சுற்றாதது ஆறிக் கிடந்தது. அடுத்து பச்சைத்தண்ணீர்ப் போத்தலைச் சுற்றினோம். அது சூடாகவே இல்லை. உள்ளே இருக்கும் சூட்டைக் கம்பளி தடுத்து வைக்கிறது, புதிதாக உண்டாக்குவதில்லை என்பதை அவர்களே சொன்னார்கள்.

செய்து பார்ப்பவர்களுக்கு: பிளாஸ்க் ஆகாது, அது சூட்டை வெளியே விடாது. ஒற்றைச் சுவர்ப் போத்தல் வேண்டும். தண்ணீரின் சூட்டை முதலில் உங்கள் கையால் தொட்டுப் பாருங்கள். டோர்ச்சைக் கண்ணுக்கு நேரே பிடிக்க விடாதீர்கள்.

டின்கள் இரண்டும் அலமாரியில் இருக்கின்றன, ஜனவரி வெயில் வரும்வரை.