குட்டி ஈச்சையா, கேனரி ஈச்சையா?

ஊட்டி, கொடைக்கானலில் வாசலுக்கு அழகு ஈச்சை தேடுவோர் இந்த இரண்டில்தான் தடுமாறுகிறார்கள்.

இடம்: குட்டி 2–3 மீட்டரோடு நின்றுவிடும், தொட்டியே போதும். கேனரி 10 மீட்டரைத் தாண்டும்; மட்டை விரியப் பெரிய முற்றம் வேண்டும்.

உறைபனி: முடிவு செய்வதே இதுதான். குட்டிக்குச் சொந்த ஊர் லாவோஸ், வியட்நாம் ஆற்றங்கரை. டிசம்பர், ஜனவரி உறைபனியில் ஓலை கருகும். இரவில் தாழ்வாரத்துக்குள் நகர்த்தணும். வேர்பிடித்த கேனரியோ பூஜ்யத்துக்குக் கீழே சில டிகிரி வரை தாங்கும்.

முள்: இரண்டிலும் உண்டு. கேனரி முள் கையுறையையே துளைக்கும், குழந்தைகள் ஓடும் பாதையோரம் வேண்டவே வேண்டாம்.

மழை: இரண்டுக்கும் வேரில் தண்ணீர் தேங்கக் கூடாது.

குன்னூர்ப் பக்கம், சின்ன வாசல் என்றால் குட்டி. தலைகுந்தா மாதிரி பனி இறங்கும் பள்ளத்தில் நிலம் தாராளமாக இருந்தால் கேனரி.