டர்பனில் வாங்கிய ஆவாரம்பூப் பொடி: ஒரு மதிப்பீடு
'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்று பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவன் என்பதால், டர்பன் மசாலாக் கடை ஒன்றில் 'சர்க்கரையைக் குறைக்கும்' என்று அச்சிட்ட ஆவாரம்பூப் பொடியைக் கண்டதும் 85 ராண்ட் கொடுத்து வாங்கிவிட்டேன். நல்ல மஞ்சள் நிறம், இளந்துவர்ப்பு. தேநீராகக் குறை சொல்வதற்கில்லை.

நான் எடுத்துவரும் நீரிழிவு மாத்திரையான மெட்ஃபார்மினை நிறுத்தாமல் 14 நாள் காலையில் இதைக் குடித்து, வெறும் வயிற்றுச் சர்க்கரையைக் குறித்து வந்தேன். சராசரி லிட்டருக்கு 7.9 மில்லிமோலிலிருந்து 7.6க்கு இறங்கியது. வீட்டு குளுக்கோமீட்டருக்கு 15 சதவீதம் வரை பிழை அனுமதிக்கப்பட்டிருப்பதாலும், அந்த நாட்களில் நான் இரவுச் சோற்றையும் குறைத்திருந்ததாலும், இதைப் பூவின் வெற்றியாக எழுத மனம் ஒப்பவில்லை.

இப்பூவை ஆய்வாளர்கள் புறக்கணித்துவிடவில்லை. ஸ்ட்ரெப்டோசோடோசின் செலுத்தி நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளுக்குப் பூவின் நீர்ச்சாற்றை 30 நாள் கொடுத்தபோது சர்க்கரை குறைந்ததாக 2002இல் வெளியான ஆய்வு கூறுகிறது. ஆனால் அங்கே சாறு உடல் எடைக்கேற்ப அளந்து கொடுக்கப்பட்டது. இந்தப் பொட்டலத்திலோ அளவும் இல்லை, தயாரித்த தேதியும் இல்லை. 'மாத்திரை இனி வேண்டாம்' என்ற வரிதான் பெரிய எழுத்தில் இருக்கிறது, அதுவே எனக்குக் கோபத்தை மூட்டியது. கிளிபென்கிளமைடு போன்ற நீரிழிவு மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் இதைச் சேர்த்துக்கொண்டால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடவும் கூடும்.

ஐந்துக்கு இரண்டு மதிப்பெண், அதுவும் சுவைக்காக. மீதிப் பொடி என் மனைவியின் குளியல் பொடியில் கலந்துவிட்டது.