பிரிட்டென் பியானோ கான்செர்ட்டோ: ரிக்டரா, ஆன்ட்ஸ்னெஸ்ஸா, ஆஸ்போர்னா?

ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டென் தம் வாழ்நாளில் பியானோ கான்செர்ட்டோ (தனிப் பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) என்று பெயரிட்டு எழுதியது ஒன்றே ஒன்றுதான். அதற்கு இன்று ஒலிப்பதிவுகள் பல கிடைத்தாலும், தேர்ந்தெடுக்க நினைப்பவர் பெரும்பாலும் மூன்றிடம்தான் வந்து நிற்க வேண்டியிருக்கும். முதலாவது, ஸ்வியாதொஸ்லாவ் ரிக்டர் வாசிக்க, பிரிட்டெனே இங்கிலீஷ் சேம்பர் ஆர்கெஸ்ட்ராவை நடத்தி 1970 டிசம்பரில் டெக்கா நிறுவனத்துக்காகப் பதிவானது. இரண்டாவது, லெய்ஃப் ஓவெ ஆன்ட்ஸ்னெஸ் வாசிக்க, பாவோ யார்வி பர்மிங்ஹாம் நகர சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவை நடத்தி 1990களின் பிற்பகுதியில் இஎம்ஐக்காகச் செய்தது. மூன்றாவது, ஸ்டீவன் ஆஸ்போர்ன் வாசிக்க, இலான் வோல்கோவ் பிபிசி ஸ்காட்டிஷ் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவை நடத்தி, 2008இல் ஹைபீரியன் வெளியிட்டது. இசையமைப்பாளரே நடத்தியது இருக்கும்போது மற்ற இரண்டும் எதற்கு என்ற கேள்வி நியாயமானதே; ஆனால் இந்தக் கான்செர்ட்டோவைப் பொறுத்தவரை அதற்கான விடை அவ்வளவு எளிதன்று.

1938 ஆகஸ்ட் 18 அன்று லண்டன் குயின்ஸ் ஹாலில், ‘ப்ராம்ஸ்’ (Proms) எனப்படும் கோடைக்காலக் கச்சேரி வரிசையில், ஹென்றி வுட் நடத்த இது அரங்கேறியது. அன்று பியானோவில் அமர்ந்தவர் 24 வயது பிரிட்டெனேதான். பியானோவின் பரந்த சுர எல்லை, தாளக் கருவிக்குரிய அதன் தட்டொலி, வேகமான சுரக்கோவைகளுக்கு அது இடம் கொடுக்கும் தன்மை ஆகியவற்றை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ளும் சாகசக் கான்செர்ட்டோ இது என்றும், பியானோவைச் சேர்த்துக்கொண்ட சிம்ஃபனி அல்ல என்றும் அவரே அப்போது விளக்கியிருந்தார். ஒப்பீட்டில் இந்த விளக்கத்தை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. ஏனெனில் 57 வயதில் ரிக்டருடன் அதே படைப்பைப் பதிவுசெய்தபோது பிரிட்டென் தம் இளமைக்கால விளக்கத்துக்கு முற்றிலும் கட்டுப்பட்டு நடந்ததாகத் தோன்றவில்லை.

வேகமான விரலோட்டத்தைக் காட்டும் முதல் பகுதியான டொக்காட்டாவிலேயே வேறுபாடு தெரிந்துவிடுகிறது. ஆஸ்போர்னின் கைகளில் சுரங்கள் நறுக்கென்று விழுகின்றன. எங்கும் பாரம் ஏறாத, கொஞ்சம் குறும்பு கலந்த வேகம் அவருடையது. வோல்கோவ் ஆர்கெஸ்ட்ராவைப் பின்னணியாக ஒதுங்கவிடாமல், பியானோ வீசும் ஒவ்வொரு சொற்றொடருக்கும் உடனுக்குடன் பதில் சொல்ல வைக்கிறார். ஆன்ட்ஸ்னெஸ் இன்னும் துல்லியமானவர். இரு கைகளின் ஒலிக்கும் இடையே மாசில்லாத சமநிலை நிலவுகிறது. குறை சொல்ல இடமே இல்லாத வாசிப்பு என்பதுதான் அதன் குறை என்று சில வேளைகளில் எனக்குப் படுகிறது. ரிக்டரோ இதே சுரங்களைப் பெரிய ருஷ்யக் கான்செர்ட்டோ ஒன்றின் எடையோடு எடுத்து வைக்கிறார். இடது கையின் அடிச்சுரங்கள் தரையை அசைக்கின்றன. ஒன்றிரண்டு இடங்களில் சுத்தம் கொஞ்சம் குறைவதையும் அவர் பொருட்படுத்துவதில்லை. ஆனால் ஆர்கெஸ்ட்ரா ஓய்ந்து பியானோ தனித்து ஓடும் கடென்சா முடிந்ததும், இதுவரை பரபரத்துக்கொண்டிருந்த இரண்டாவது மெட்டைத் தந்திக் கருவிகள் அமைதியாக விரித்துப் பாட, பியானோ அதன்மேல் மெல்லிய சுரங்களைத் தூவும் இடம் ஒன்று உண்டு. அங்கே பிரிட்டென் தம் இசைக்குழுவை எவ்வளவு நிதானமாக மூச்சுவிட வைக்கிறார் என்பதைக் கேட்ட பிறகு, மற்ற இரண்டு நடத்துநர்களும் அந்த இடத்தைச் சற்று விரைந்து கடந்துவிட்டதாகவே எண்ணத் தோன்றும்.

வால்ட்ஸ் பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வியோலா தனியே முணுமுணுப்பதுபோல் தொடங்கி, நடுவில் முரட்டுத்தனமாகப் பெருத்து, மறுபடியும் ஒடுங்கும் இந்தப் பகுதியின் கேலியை மூவருமே உணர்ந்திருக்கிறார்கள். ஆன்ட்ஸ்னெஸின் நளினம் இங்கே நன்றாகவே பொருந்துகிறது.

மூன்றாவது பகுதிதான் சிக்கலானது. 1938இல் இதன் இடத்தில் ‘ரெசிடட்டிவ் அண்டு ஏரியா’ என்ற வேறொரு பகுதி இருந்தது. 1945இல் பிரிட்டென் அதை எடுத்துவிட்டு, ‘இம்ப்ராம்ப்டு’ என்ற புதிய பகுதியை வைத்தார். 1937இல் ஆர்தர் மன்னனைப் பற்றிய பிபிசி வானொலி நாடகத்துக்குத் தாம் எழுதிய இசையிலிருந்தே அதன் மெட்டை எடுத்துக்கொண்டார். பியானோ தனியே அந்த மெட்டைச் சொல்லிவிட, அதன்பின் ஆர்கெஸ்ட்ரா அதைத் திரும்பத் திரும்பப் பாட, ஒவ்வொரு சுற்றிலும் பியானோ அதன்மேல் புதிய அலங்காரம் ஒன்றைப் பின்னுகிறது. ரிக்டரின் இசைத்தட்டை வாங்க இந்த ஒரு பகுதியே போதுமான காரணம் என்பேன். தொடக்கத் தனிவாசிப்பில் அவர் ஒவ்வொரு சுரத்துக்கும் பின்னால் இடைவெளி விடும் விதம், அடுத்த சுரம் வருமா வராதா என்ற ஐயத்தோடு நம்மைக் காத்திருக்க வைக்கிறது. இந்தக் கனத்துக்கு அருகில் ஆஸ்போர்ன் வரவில்லை. வர முயலவும் இல்லை. அவர் மெட்டின் எளிமையையே பிடித்துக்கொண்டு, சுற்றுகள் கூடக்கூடப் பதற்றத்தைப் படிப்படியாக ஏற்றுகிறார்.

இம்ப்ராம்ப்டுவிலிருந்து இடைவெளியின்றியே நான்காவது பகுதியான ‘மார்ச்’ என்னும் அணிவகுப்பு இசை தொடங்குகிறது. இந்த அணிவகுப்பு வெற்றி முழக்கமா, வெற்றி முழக்கத்தைப் பார்த்துச் சிரிப்பதா என்பதில்தான் மூன்று பதிவுகளும் உண்மையில் பிரிகின்றன. ஆஸ்திரியா ஜெர்மனியோடு இணைக்கப்பட்ட அதே ஆண்டில், போரை வெறுத்த ஓர் இளைஞன் எழுதிய மார்ச் இது என்பதை மறந்துவிட்டு இதைக் கேட்க முடியாது. யார்வி இதை மினுமினுப்பான கச்சேரி முடிவாக நடத்துகிறார். பித்தளைக் கருவிகள் பளிச்சென்று ஒலிக்கின்றன, கேட்பவர் மகிழ்ந்து கைதட்டலாம். அதே தட்டில் ஷோஸ்டகோவிச்சின் முதல் பியானோ கான்செர்ட்டோவும், ஹோக்கன் ஹார்டென்பெர்கரின் டிரம்பெட்டோடு, இடம்பெற்றிருக்கிறது. 1933இல் எழுதப்பட்ட அந்தப் படைப்பின் பகடியை அத்தனை கூர்மையாக வாசித்த ஆன்ட்ஸ்னெஸ், பிரிட்டெனிடம் வரும்போது ஏன் பல்லைக் காட்டாமல் புன்னகையோடு நிறுத்திக்கொண்டார் என்பது எனக்குப் புரியவே இல்லை.

ரிக்டரும் பிரிட்டெனும் மார்ச்சை அச்சுறுத்தலாக மாற்றுகிறார்கள். பெரிய முரசும் தாளத்தட்டும் தாழ்ந்த ஒலியில் அடித்துக்கொண்டிருக்க, பியானோ தனியே கடென்சாபோல் பேசும் இடத்தில் ரிக்டரின் ஒலி குளிர்ந்து இறுகிவிடுகிறது. இருந்தாலும் இந்தக் கனத்தை மார்ச்சின் மெட்டுகள் முழுமையாகத் தாங்குகின்றனவா என்று கேட்டால், தயக்கத்தோடுதான் ஆம் என்று சொல்ல முடியும். சில இடங்களில் இசை சொல்ல வருவதைவிடப் பெரிதாக வாசிப்பு சொல்லிவிடுகிறது. ஆஸ்போர்னும் வோல்கோவும் நடுவில் ஒரு வழி கண்டிருக்கிறார்கள்: மார்ச் கோமாளித்தனமாகவே தொடங்கி, வேகத்தைத் தளரவிடாமல் முன்னேறி, டி மேஜர் சுருதியில் அமைந்த கடைசி ஆர்ப்பாட்டத்துக்கு வரும்போது அந்தச் சிரிப்பு நம் முகத்திலேயே உறைந்து போகிறது.

ஒலித்தரத்தில் போட்டி இல்லை. ஹைபீரியனின் பதிவே மிகத் தெளிவானது. டெக்காவின் பதிவோ, 1969இல் தீப்பற்றி எரிந்து மறு ஆண்டே மீண்டும் திறக்கப்பட்ட ஸ்னேப் மால்டிங்ஸ் அரங்கில் நடந்தது. அந்த அரங்கின் வெம்மையான முழக்கம் இசைத்தட்டில் இன்றும் உயிரோடு இருக்கிறது. சேம்பர் ஆர்கெஸ்ட்ராவின் தந்திப் பிரிவு சற்று மெலிந்து கேட்பதை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஹோவர்டு ஷெல்லி, எட்வர்டு கார்ட்னர் நடத்தும் பிபிசி ஃபில்ஹார்மானிக்கோடு, இசையமைப்பாளரின் நூற்றாண்டான 2013இல் சாண்டோஸுக்காக வாசித்ததும் மதிக்கத்தக்கதே, ஆனால் இந்த மூன்றில் எதையும் அது இடம்பெயர்க்கவில்லை.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நான் ஆஸ்போர்னையே சொல்வேன், ரிக்டரின் இம்ப்ராம்ப்டுவை இழக்கிறோம் என்ற வருத்தத்தோடு. ஆஸ்போர்னின் தட்டில் பிரிட்டெனின் ‘யங் அப்போலோ’, பியானோ வாசிப்பவரின் இடது கைக்கு மட்டுமே எழுதப்பட்ட ‘டைவர்ஷன்ஸ்’ இரண்டும் உடன் கிடைக்கின்றன. அவற்றோடு, கைவிடப்பட்ட ‘ரெசிடட்டிவ் அண்டு ஏரியா’வும் பின்னிணைப்பாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஒருமுறையேனும் அதை இம்ப்ராம்ப்டுவின் இடத்தில் வைத்து, 1938இன் வரிசையிலேயே கேட்டுப் பாருங்கள். காற்றிசைக் கருவிகளின் நெடிய தனிப்பேச்சை பியானோ விதவிதமான வேடங்களில் நையாண்டி செய்யும் அந்தப் பகுதிக்குப் பின் மார்ச் வரும்போது, கான்செர்ட்டோ முழுவதுமே ஒரு நீண்ட கேலிக்கூத்தாக மாறிவிடுகிறது. அதை ஏற்க மனமில்லாத பிரிட்டென்தான் 1945இல் அதைத் திருத்தினார். ரிக்டரோடு 1970இல் பதிவுசெய்தவரும் அந்தத் திருத்திய பிரிட்டென்தான்.