64 பிட் போதாதா, 128 பிட் வேண்டுமா?

கணினிச் சிப்கள் 32 பிட்டை விட்டு 64-க்கு வந்ததற்கு வலுவான காரணம் இருந்தது. பிட் என்பது 0 அல்லது 1 என்ற ஓர் இலக்கம்; சிப் ஒரே மூச்சில் கையாளும் பிட்களின் எண்ணிக்கைதான் இந்த 32, 64. நினைவகத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண் உண்டு, அதுதான் முகவரி. 32 பிட் முகவரியால் 4 ஜிபி நினைவகத்தைத்தான் எட்ட முடியும். பிரவுசரில் நாலைந்து பக்கம், கூடவே ஒரு படத்தொகுப்பு மென்பொருள் என்று திறந்தால் அது போதாமல் கணினி திணறிவிடும். 2021-ல் வந்த விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது.

சரி, அடுத்தது 128 தானே? அவசரம் வேண்டாம். 64 பிட்டையே நாம் முழுசாகத் தொடவில்லை. இன்றைய இன்டெல், ஏஎம்டி சிப்கள் பலவும் முகவரிக்கு 48 பிட்களையே பயன்படுத்துகின்றன. அதிலேயே 256 டெராபைட் வரை எட்டலாம். நம் கணினியில் இருப்பதோ 16 ஜிபியோ 32 ஜிபியோதான்!

128-க்குப் போனால் ஒவ்வொரு முகவரியும் 8 பைட்டிலிருந்து 16 பைட்டாக வீங்கும். சிப்பின் கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் சின்ன, வேகமான நினைவகம்) சீக்கிரம் நிரம்பும், வேகம் குறையக்கூடும். பிட் இரட்டித்தால் வேகமும் இரட்டிக்கும் என்பது விளம்பரக் கணக்கு. வீடியோ வேலைக்குத் தேவையான 128, 256 பிட் ரெஜிஸ்டர்கள் (கணக்கிடும் எண்களைச் சிப் வைத்துக்கொள்ளும் இடங்கள்) 64 பிட் சிப்களிலேயே இருக்கின்றன.

அப்புறம், 2 ஜிபி ராம் உள்ள பழைய கணினியா? அதற்கு 64 பிட்டே சுமைதான். இலேசான 32 பிட் லினக்ஸ் போதும்.